மாப்பிள்ளை கைக்குப் போகும் லோகோ

லோகோவும் அட்டைப்பெட்டியும் பெயர்ப்பலகையும் வடிவமைத்துப் பிழைக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



தூத்துக்குடியில் ஒரு பேக்கரி. மக்ரூன்தான் அங்கே பெயர்பெற்ற சரக்கு. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் அடித்துச் சுட்டு எடுக்கிற, வாயில் போட்டதும் கரைகிற அந்தக் கூம்பு. கடை திறந்து எத்தனையோ வருஷம் லோகோ இல்லாமலேயே நன்றாக ஓடியது. பக்கத்துத் தெருவில் புதுக் கடை வந்து, அதன் பெட்டி பளபளவென்று இருந்ததைப் பார்த்தபிறகு அண்ணாச்சிக்கும் ஆசை வந்தது. தெரிந்த பையன் ஒருவனிடம் சொன்னார். பத்து நாள் கழித்து, இரவு பதினொன்றே காலுக்கு, வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்து விழுந்தன. கூடவே ஒரு வரி: “அண்ணாச்சி, மூணு ஆப்ஷன் இருக்கு, பாத்துட்டு சொல்லுங்க.”

அண்ணாச்சி பார்த்தார். வீட்டில் காட்டினார். குடும்பக் குரூப்பில் போட்டார். கோயம்புத்தூரில் இருக்கிற மாப்பிள்ளை ஒன்று சொன்னார், கணக்கு எழுதுகிறவர் ஒன்று சொன்னார், கல்லாவில் நிற்கும் பையன்கூட ஒன்று சொன்னான். நான்காம் நாள் டிசைனருக்குக் குரல்பதிவு போனது: “தம்பி, மூணுமே நல்லாத்தான் இருக்கு. மொதல்ல உள்ள கலரு, ரெண்டாவதுல உள்ள எழுத்து, மூணாவதுல உள்ள அந்த எல, மூணையும் சேத்து ஒண்ணாப் போட்டுத் தரமுடியுமா? மாப்பிள்ளையும் அதத்தான் சொல்லுதாரு.”

இந்தக் குரல்பதிவைக் கேட்காத டிசைனர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஊர் மாறும், சரக்கு மாறும், வாசகம் இதேதான். அதைக் கேட்டதும் நண்பர்கள் குரூப்பில் புலம்பித் தீர்ப்பதும், கிளையன்டுக்கு ரசனையில்லை என்று முடிவுகட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அண்ணாச்சி செய்ததில் தப்பு என்ன? ஜவுளிக்கடையில் மூன்று சேலையை விரித்துப் போட்டால், இந்த உடம்புக்கு அந்த பார்டர் வருமா என்றுதான் எவரும் கேட்பார்கள். எந்தக் கேள்விக்குப் பதிலாக அந்த மூன்று படங்களும் வரையப்பட்டன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேள்வி தெரியாமல் பதிலை மட்டும் பார்க்கிறவர் கலரைத்தான் பார்ப்பார்.

அதைவிடக் கவனிக்க வேண்டியவர் மாப்பிள்ளை. டிசைனர் அவரைச் சந்தித்ததே இல்லை, அப்படி ஒருவர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் முடிவு எடுத்தவர் அவர்தான். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வேலையைக் காட்டுவதோடு கதை முடிவதில்லை. அவர் வீட்டுக்குப் போய் இன்னொருவரிடம் காட்டுவார், அந்த இன்னொருவர் வேறொருவரிடம் கேட்பார். நீங்கள் இல்லாத அந்த இடத்தில் உங்கள் வேலைக்காகப் பேசப்போவது யார் என்பதுதான் இந்த மடலின் விஷயம்.

பால் ராண்ட் என்று ஓர் அமெரிக்க டிசைனர். ஐபிஎம், யூபிஎஸ், ஏபிசி தொலைக்காட்சி, வெஸ்டிங்ஹவுஸ் என்று பெரிய நிறுவனங்களின் முகத்தை வரைந்தவர். 1985-ல் ஆப்பிளைவிட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ், தன் புதுக் கம்பெனியான நெக்ஸ்ட்டுக்கு அவரிடம்தான் லோகோ வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ராண்ட் ஐபிஎம்மோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் ஜாப்ஸ் அவர்களிடமே போய் அனுமதி வாங்கினார். சம்பளம் 1,00,000 டாலர். நாலைந்து மாதிரி காட்டுவீர்களா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு ராண்ட் முடியாது என்றார். உங்கள் பிரச்சினையைத் தீர்த்துத் தருவேன், பணம் கொடுங்கள்; பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்; நிறைய மாதிரி வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். இதுதான் அவர் பதிலின் சாரம். ஜாப்ஸே பின்னாளில் ஒரு பேட்டியில் ரசித்துச் சொன்ன கதை இது.

இந்தக் கதையை வடிவமைப்புக் கல்லூரிகளில் எல்லோரும் சொல்வார்கள். கதையின் அடுத்த பாதியைச் சொல்பவர்கள் குறைவு. 1986-ல் ராண்ட் கொண்டுவந்து கொடுத்தது ஒரு படம் மட்டுமில்லை. படத்தைப் பொதிந்து வைத்திருந்த ஒரு சிறு புத்தகம். எடுத்த எடுப்பில் லோகோ அதில் கிடையாது. முதலில் பிரச்சினைதான் வருகிறது. நெக்ஸ்ட் என்பது நாலே எழுத்துள்ள, எல்லோரும் தினமும் சொல்கிற சாதாரண வார்த்தை. அதை எப்படித் தனியாகத் தெரியவைப்பது? வேறு வேறு எழுத்துருக்களில் அதே வார்த்தையை அச்சிட்டுக் காட்டுகிறார். முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால், வாசல் கதவுக்கு மேலே இருக்கிற ‘எக்ஸிட்’ மாதிரி வாசித்துவிடக்கூடும் என்கிறார். அதனால் இரண்டாவது எழுத்தான ‘இ’ மட்டும் சின்ன எழுத்தாகிறது. நேர்க்கோடுகளுக்கு நடுவே ஒரு வளைவு. பிறகு ஒரு கறுப்புக் கனசதுரம், அதில் இரண்டு வரியாக உடைத்த வார்த்தை, 28 பாகை சாய்வு. பக்கம் புரட்டப் புரட்ட, ஆமாம், இப்படித்தானே இருக்க முடியும் என்று வாசிக்கிறவர் தானாகவே நினைக்கும்படி அந்தப் புத்தகம் நடத்திக்கொண்டு போகிறது.

இதில் ராண்டின் கெட்டிக்காரத்தனம் ஒன்று இருக்கிறது. ஜாப்ஸ் அந்தப் புத்தகத்தைத் தன் ஆட்களில் யாரிடம் நீட்டினாலும், பக்கத்தில் ராண்ட் நின்று விளக்க வேண்டியதில்லை. சாய்வு எதற்கு, சின்ன எழுத்து எதற்கு என்று கேட்கிறவருக்கு அதற்கு முந்தின பக்கத்திலேயே பதில் இருக்கும். ‘மாப்பிள்ளை’ கேட்கப்போவதை முன்கூட்டியே எழுதிவைத்தாயிற்று. இத்தனைக்குப் பிறகும் அந்தச் சின்ன ‘இ’யின் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஜாப்ஸ் கேட்டாராம். ஐம்பது வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன் என்று கிழவர் மேஜையில் தட்டினாராம். கலர் விஷயத்தில் வாயைத் திறக்காத கிளையன்ட் கலிஃபோர்னியாவிலும் கிடையாது.

ஒரு மாதிரிதான் காட்டுவேன் என்று நாளைக்கே நீங்களும் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு ராண்டுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முதுகுக்குப் பின்னால் ஐபிஎம் நின்றது. இருபத்துமூன்று வயதில் அதைச் சொன்னால் திமிர் என்றுதான் காதில் விழும். நடைமுறைக்கு ஒத்துவருவது வேறு வழி. ஒன்றை முன்னால் வைத்து, இதைத்தான் சிபாரிசு செய்கிறேன் என்று சொல்லுங்கள். யோசித்துக் கைவிட்ட இரண்டைப் பையிலேயே வைத்திருங்கள். கேட்டால் எடுத்துக் காட்டி, எதனால் கைவிட்டீர்கள் என்று சொல்லலாம். மூன்றையும் சமமாக நீட்டி எது வேண்டும் என்று கேட்பது, மருத்துவர் மூன்று மாத்திரையை நீட்டிப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப் போன்றது.

நம் ஊர்க்காரர் ஒருவரின் வேலையையும் பார்ப்போம். ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று இந்திய அரசு 2009-ல் போட்டி அறிவித்தது. 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் குவிந்தன. ஐந்து இறுதிக்கு வந்தன. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. வரைந்தவர் டி. உதயகுமார். கள்ளக்குறிச்சியில் பிறந்தவர், சென்னையில் கட்டடக்கலை படித்தவர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். பரிசு 2.5 லட்சம் ரூபாய். அந்தக் குறியீட்டுக்கான விளக்கத்தை எண்ணிப் பாருங்கள்: தேவநாகரி ‘ர’வும், செங்குத்துக் காலை எடுத்துவிட்ட ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒரே வடிவத்தில், மேலே இரண்டு கிடைக்கோடு, அவற்றுக்கு நடுவே வெள்ளை, மூவர்ணக் கொடியின் சாயல், அதே கோடுகள் கணக்கில் போடுகிற சமக்குறியும் ஆகின்றன. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

அமைச்சரவைக் கூட்டத்தில் டிசைனருக்கு நாற்காலி கிடையாது. அங்கே அந்தப் படத்தோடு போனது அந்த விளக்கம்தான். மறுநாள் செய்தித்தாள்களிலும், பிறகு பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகங்களிலும், டீக்கடையிலும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான் சுற்றின. விளக்கம் கைமாறக் கைமாற யாரோ ஒருவர் அதோடு மல்லுக்கட்டவும் செய்வார். தேவநாகரியை முன்வைக்கிற எந்த விளக்கமும் தமிழ்நாட்டில் கேள்வியில்லாமல் கடந்துபோகாது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டின் இலச்சினையில் ₹ போய் ‘ரூ’ வந்தபோது ஊரெல்லாம் பேச்சு. இரண்டு பக்கத்திலும் இருந்தது தமிழ் தெரிந்த கைதான் என்பது இந்தக் கதையின் வேடிக்கை.

விளக்கம் வேண்டும் என்றதும் அடுத்த பள்ளத்தில் விழுகிறவர்களும் உண்டு. 2008-ல் பெப்சி தன் லோகோவை மாற்றியது. வேலையைச் செய்தது அமெரிக்காவின் அர்னெல் நிறுவனம். அந்தச் சமயத்தில் தயாரித்த 27 பக்க ஆவணம் ஒன்று அடுத்த ஆண்டு வெளியே கசிந்தது. பெப்சியின் வட்டத்துக்கும் தங்க விகிதத்துக்கும் உறவு, மோனாலிசாவுக்கும் உறவு, பூமியின் காந்தப்புலத்துக்கும் உறவு, விரிந்துகொண்டே போகிற பிரபஞ்சத்துக்கும் உறவு. வரலாற்று வரிசையில் நம் வாஸ்து சாஸ்திரம்கூட இடம்பிடித்திருந்தது! குளிர்பானப் போத்தலின் மேலே இருக்கிற சிரித்த வாய்க்கு இத்தனை சாட்சியா என்று டிசைன் உலகமே விழுந்து விழுந்து சிரித்தது. கூட்ட அறைக்குள் அந்த ஆவணம் ஜெயித்தது உண்மைதான். கதவைத் தாண்டி வந்ததும் மானம் போயிற்று. அதே அர்னெல் நிறுவனம் 2009-ல் டிராபிகானா ஆரஞ்சுச் சாற்றின் பெட்டியை மாற்றி, ஆரஞ்சுப் பழத்தில் ஸ்ட்ரா குத்திய பழைய படத்தை எடுத்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் போலச் சரிந்தது. பழைய பெட்டியே திரும்ப வந்தது. கடை அலமாரிக்கு முன்னால் நிற்கிற அம்மாவுக்கு எந்தத் தத்துவத்தையும் யாரும் விளக்கப் போவதில்லையே.

தூத்துக்குடிக்குத் திரும்புவோம். மூன்று படமும் ஒன்றாகக் கலந்து எட்டாவது கரெக்ஷனுக்குப் போனபோது பையன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஆறு மாதம் கழித்து அண்ணாச்சி வேறொரு டிசைனரிடம் போனார். சின்னப் பெண், படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவள் முதல் நாள் எதையும் வரையவில்லை. கடைக்கு வந்து கால் மணி நேரம் ஓரமாக நின்றாள். பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பெட்டி எங்கே அடிக்கிறீர்கள், எத்தனை கலர், ஒரு தடவைக்கு எத்தனை ஆயிரம் என்று கேட்டாள். சிவகாசியில் அடிக்கிற ஒற்றைக் கலர் அட்டைப்பெட்டி என்று தெரிந்தது. பழைய பையன் அனுப்பிய மூன்று லோகோவிலும் கலர் கலராகக் கரைந்து வழிகிற மினுமினுப்பு இருந்ததே, அது அந்தப் பெட்டியில் வெறும் அழுக்காகத்தான் விழுந்திருக்கும். கடைசியாக அவள் கேட்டதுதான் முக்கியம்.

“அண்ணாச்சி, இத வேற யாரு யாரு பாப்பாங்க?”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “வீட்டுல பாப்பாங்க. மாப்பிள்ள பாப்பாரு. ஏம்மா?”

“சும்மாத்தான். அவங்களுக்கும் புரியுற மாதிரி செஞ்சுரலாம்னு.”

ராசியான கலர் எது, ஆகாத கலர் எது, பெயரில் எண்கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டியிருக்கிறார்களா என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொண்டாள். இதைக் கேட்பதற்கு வெட்கப்படுகிற டிசைனர்கள் உண்டு. பகுத்தறிவு அவரவர் சொந்த விஷயம். ஆனால் கறுப்பு ஆகாது என்பதைக் கறுப்பு லோகோவைக் காட்டியபிறகு தெரிந்துகொள்வது தொழிலில் அசட்டுத்தனம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மேலே ‘உ’ வருமா, குலதெய்வத்தின் பெயர் எந்த வரிசையில், மஞ்சள் தடவ மூலையில் இடம் வேண்டுமா என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுவார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மூன்று வாரத்தில் வந்தாள். கையில் லேப்டாப் இல்லை. ஒரு துணிப்பை. அதிலிருந்து அண்ணாச்சி கடையின் பழைய பெட்டியையே எடுத்து மேஜைமேல் வைத்தாள். இதை பஸ்ஸில் ஒருத்தர் மடியில் வைத்துக்கொண்டு போகிறார், எதிர் சீட்டில் இருப்பவருக்கு இது எந்தக் கடை என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. மூடியில் இருந்தது ரோஜாப்பூப் படமும் ‘நல்வரவு’ம்தான். சரி, இந்தக் கடைக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள்? மக்ரூனுக்கு. அப்போது ஒரு வெள்ளைத்தாளை எடுத்து கடையின் பெயரைப் பெரிதாக எழுதினாள். தமிழ்ப் பெயர், மெய்யெழுத்து இரண்டு, ஆகவே மேலே புள்ளி இரண்டு. ஒவ்வொரு புள்ளியையும் வட்டமாக வைக்காமல், கீழே அகன்று மேலே சுழிந்து முனை வளைந்த சின்னக் கூம்பாக வைத்தாள்.

“எழுத்து மேல இருக்க புள்ளிதான் நம்ம மக்ரூன், அண்ணாச்சி.”

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தைக் கவனியுங்கள். நம்மில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் கெடுப்போம். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கலர் வேண்டுமானால் மாற்றலாம், எழுத்து வேறு மாதிரியும் இருக்கிறது என்று நாமே தட்டை இழுத்துக்கொள்வோம். அவள் இழுக்கவில்லை. அவர் தாளைத் திருப்பினார், தூரத்தில் பிடித்தார், கல்லாப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகுதான் அவள் துணிப்பையிலிருந்து மற்றவற்றை எடுத்தாள்: அதே அட்டையில் அதே ஒற்றைக் கலரில், ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவரிடம் கொடுத்து அச்சடித்த பெட்டி மூடி, பில் புத்தகத்தின் அளவுக்குச் சுருக்கிய துண்டுச்சீட்டு, கடை வாசலை எதிர்த்த பிளாட்பாரத்திலிருந்து போட்டோ எடுத்து, அதில் புதுப் பலகையைப் பொருத்திய படம். சின்னதாகும்போது கூம்பு மங்கிப்போகிறது என்று அவளே சொன்னாள். துண்டுச்சீட்டு அளவுக்குப் புள்ளியைக் கொஞ்சம் பெருக்கிய தனி வடிவம் வைத்திருந்தாள்.

வேலை போய் நிற்கப்போகிற இடத்திலேயே வைத்துக் காட்டுவது பழைய வித்தைதான். 1969-ல் சால் பாஸ், அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்துக்குப் புது முகம் கொடுக்கப் போனபோது அட்டையில் ஒட்டிய படத்தோடு போகவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகிற ஒரு திரைப்படத்தையே எடுத்துக்கொண்டு போனார். சினிமாவுக்கு டைட்டில் வரைந்து பெயர் வாங்கியவர், சும்மா விடுவாரா! நிறுவனத்தின் பழைய முகம் காலத்துக்கு ஏன் ஒவ்வாது என்பதில் தொடங்கி, புது மணியும் கோடுகளும் வண்டியில், சீருடையில், தொலைபேசிக் கூண்டில் எப்படி நிற்கும் என்று அதில் வரிசையாக வரும். படச்சுருள் போகிற இடத்துக்கெல்லாம் பாஸ் போக வேண்டியதில்லை. உங்களிடம் படம் எடுக்கிற காசு இருக்காது. ஒரு பெட்டி மூடிக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிற காசு இருக்கும்.

தமிழ்நாட்டில் தொழில் செய்கிறவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலிடத்தில், மற்ற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. அப்படியிருந்தும் வருகிற லோகோவில் பத்துக்கு எட்டு ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது. தமிழில் எப்படி இருக்கும் என்று முதலாளி கேட்டால், அதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பதில். பிறகு பலகை எழுதுகிறவர் கையில் கிடைத்த எழுத்துருவில் ஏதோ ஒன்றைப் போடுவார். நீங்கள் மாதக்கணக்கில் இழைத்த வளைவுகளுக்கு மேலே, அவற்றைவிடப் பெரிதாக, சம்பந்தமேயில்லாத தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண் தமிழிலிருந்து ஆரம்பித்ததில் மொழிப்பற்று எவ்வளவோ தெரியாது. வேலையின் வசதி நிச்சயம் இருக்கிறது.

அண்ணாச்சி கடைசியில் கேட்டதும் எல்லோரும் கேட்பதுதான்: கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா? இந்தக் கேள்வியை வைத்து டிசைனர்கள் உலகம் முழுக்க ஜோக் அடிக்கிறார்கள். அவள் எதற்காகப் பெரிதாக வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். மேம்பாலத்திலிருந்து இறங்குகிற வண்டிக்காரனுக்குத் தெரியணும் என்றார். இரண்டு பேரும் தெருவைக் கடந்து போய் நின்று பார்த்தார்கள். மறைத்தது எழுத்தின் அளவு இல்லை, பலகைக்கு முன்னால் தொங்கிய சிப்ஸ் சரம். சரம் இடம்மாறியது, லோகோ அப்படியே இருந்தது. கிளையன்ட் சொல்கிற மருந்து பெரும்பாலும் தப்பாக இருக்கும். அவர் சொல்கிற வலி நிஜம்.

இனி காசு. இதைப் பேசவே கூச்சப்பட்டு, வேலை முடிந்தபிறகு பார்த்துப் போட்டுக் கொடுங்க என்று சொல்லித் தொலைத்தவர்கள் ஏராளம். கொட்டேஷன் ஒரு பக்கம் போதும். என்னென்ன தருவீர்கள், என்னென்ன இதில் சேராது, எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் என்ன தொகை, முன்பணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் மீதி. இரண்டு திருத்தம் என்று தாளில் இருந்தால், எட்டாவது கரெக்ஷனுக்கு முன்னால் இரண்டு தரப்பும் ஒரு தடவை யோசிக்கும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சொன்ன தொகைக்கு மேல் 18 சதவீதம் தனி என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால் பில் நீட்டும்போது சண்டைதான்.

உரிமை பற்றி யாருமே பேசுவதில்லை. “கோரல் ஃபைலையும் அனுப்பிருங்க” என்ற ஒரு வாட்ஸ்அப் வரியில் எல்லாம் முடிந்துவிட்டதாக இரு தரப்பும் நினைக்கின்றன. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு வேறு கதை சொல்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அண்ணாச்சி நாளைக்கு சிங்கப்பூருக்கு மக்ரூன் ஏற்றுமதி செய்தால் இந்த வரிகளுக்கு உயிர் வந்துவிடும். சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும்போது வரைந்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே உரிமையாளர். தனியாகத் தொழில் செய்கிறவர்கள்தான் இதை எழுதிவைக்க வேண்டும். அந்தப் பெண் கொட்டேஷனின் அடியிலேயே ஒரு வரி போட்டிருந்தாள்: முழுத் தொகை வந்ததும், தேர்ந்தெடுத்த வடிவத்தின் உரிமை காலவரையின்றி எல்லா நாட்டுக்கும் கடைக்குச் சேரும், கைவிட்ட வடிவங்கள் டிசைனரிடமே இருக்கும். அண்ணாச்சி அதை வாசித்துவிட்டு, “விவரமாத்தான் இருக்க” என்றார். பாராட்டுத்தான்.

மாப்பிள்ளைகளே இல்லாத கிளையன்டும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார். 1966-ல் அமுல் வெண்ணெய் விளம்பரம் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் கைக்கு வந்தது. யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் புள்ளிப்பாவாடைச் சிறுமியை வரைந்தார். அன்றன்றைய செய்தியைக் கிண்டலடிக்கிற விளம்பரம் என்பதால், அலுவலகம் அலுவலகமாக ஒப்புதலுக்கு அலைந்தால் செய்தி ஊசிப்போய்விடும். எங்களிடம் காட்டாமலேயே பலகையில் ஏற்றுங்கள் என்று அனுமதி கொடுத்தார் வர்கீஸ் குரியன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சிறுமி இன்னும் பலகையில் நிற்கிறாள். இப்படி ஒருவர் உங்களுக்கு வாய்த்தால் பூப்போட்டுக் கும்பிடுங்கள். வாய்க்கும் என்று நம்பித் தொழிலில் இறங்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் வேலை நிராகரிக்கப்படலாம். அதே பால் ராண்ட் 1966-ல் ஃபோர்டு கார் நிறுவனத்துக்கு, அதே மாதிரி ஒரு விளக்கப் புத்தகத்தோடு, புது வடிவம் கொண்டுபோனார். இரண்டாம் ஹென்றி ஃபோர்டுக்கு அது ரொம்பவும் புதுமையாகப் பட்டது. பழைய நீள்வட்டமே நிலைத்தது. ராண்ட் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தூத்துக்குடியில் அது நடக்கவில்லை. மாப்பிள்ளை லீவுக்கு வந்தபோது அண்ணாச்சியே அந்தத் தாளை எடுத்து வைத்து, பஸ்ஸில் ஒருத்தர் மடியில் பெட்டி வைத்துக்கொண்டு போகிறார் என்று ஆரம்பித்தாராம். மாப்பிள்ளைக்குப் பச்சை இல்லையே என்று குறை, இருந்தாலும் விட்டுவிட்டார். பெட்டி அடிக்கச் சிவகாசிக்கு ஃபைல் போனது. இரண்டு நாளில் பிரஸ்ஸிலிருந்து போன். டிசைனருக்கு இல்லை, கடைக்கு. எடுத்தது அண்ணாச்சி.

“அண்ணாச்சி, ஃபைல்ல ஏதோ கோளாறு. எழுத்து மேல புள்ளி ரெண்டும் ஒரு மாதிரி நசுங்கிக் கெடக்கு. ரவுண்டா மாத்தி அடிச்சிரவா?”

“ஏய், ஏய், கைய வச்சிராத. அது புள்ளி இல்லப்பா, மக்ரூன்.”